சுருக்கிய கோப்பை எடிட்டரிலேயே திருத்தலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிஜிப் (பெயர் ஜிஇசட், அதாவது .gz என்று முடியும்), ஜிப், தார் கோப்புகளோடு மல்லுக்கட்டும் நண்பர்களும், அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். லினக்ஸ் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும். விண்டோஸ்காரர்களுக்கு வேண்டியதும் இடையிடையே உண்டு.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த எடிட்டரும் சுருக்கிய கோப்பின் மேலேயே கைவைத்துத் திருத்துவதில்லை. விரிக்கிறது, உங்களிடம் காட்டுகிறது, சேமிக்கும்போது முழுவதையும் மறுபடி சுருக்கி எழுதுகிறது. விரித்த நகல் எங்கே கிடக்கிறது, திரும்பச் சுருக்குவது யார் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதி எழவே எழாது.

"ஒரு ஜிஇசட் ஃபைலை நோட்பேட்ல திறந்தா ஒரே கிறுக்கலா வருது. ஃபைல் கெட்டுப்போச்சா?"

இல்லை. சுருக்கிய பைட்களை நோட்பேட் எழுத்துகள் என்று நினைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். நோட்பேட் பிளஸ் பிளஸும் இதையேதான் செய்யும். விஎஸ் கோட் கொஞ்சம் கவனமானது. இது பைனரி கோப்பு என்று சொல்லி, திறக்கும் முன் உங்களைக் கேட்கும். எதில் திறந்திருந்தாலும் சேமிக்காமல் மூடிவிடுங்கள். மூடும்போது "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

"அண்ணா, தெரியாம சேவ் பண்ணிட்டேன். மீட்க முடியுமா?"

முதல் சில பைட்களைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். நல்ல ஜிஜிப் கோப்பு 31, 139 என்ற இரண்டு எண்களில் தொடங்கும். லினக்ஸில் 'ஓடி' கட்டளைக்குப் பதின்ம எண்ணில் காட்டும்படி சொன்னால் இவற்றைப் பார்க்கலாம். உங்கள் கோப்பு 31, 239, 191, 189 என்று தொடங்கினால், எடிட்டர் அதை யுடிஎஃப்-8 என்ற குறியீட்டில் உள்ள உரை என்று எடுத்துக்கொண்டு, தனக்குப் புரியாத ஒவ்வொரு பைட்டையும் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரமாக மாற்றி எழுதிவிட்டது என்று பொருள். 239, 191, 189 என்பது அந்த வைரத்தின் பைட்கள். எந்தப் பைட் வந்தாலும் அதே மூன்றாகத்தான் மாறியிருக்கும் என்பதால், பழைய பைட் எது என்று கண்டுபிடிக்க வழியில்லை. பேக்கப்பைத் தேடுவதுதான் இனி வேலை.

தொடக்கம் 31, 139 என்றே இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். 'ஜிஜிப்' கட்டளைக்கு 'மைனஸ் டி' (-t) என்ற சோதனைத் தெரிவைக் கொடுத்துப் பாருங்கள். சத்தமில்லாமல் முடிந்தால் கோப்பு நலம். சிஆர்சி (உரை கெடவில்லையா என்று சரிபார்க்கும் எண்) பிழை வந்தால், வரி முடிவு எழுத்துகளை எடிட்டர் விண்டோஸ் முறைக்கு மாற்றியிருக்கக்கூடும். அப்போது பிழை வரும் இடம் வரைக்குமான பகுதியை மட்டும், விரித்துக் காட்டும் 'இசட்கேட்' (zcat) கட்டளை தரும்.

"உள்ள ஒரே ஒரு எழுத்தைத்தானே மாத்தணும். அதை மட்டும் மாத்திட்டு விட முடியாதா?"

அநேகமாக எல்லோரும் கேட்பது இதைத்தான். ஜிஜிப்பும் ஜிப்பும் பயன்படுத்தும் சுருக்கும் முறைக்கு டிஃப்ளேட் என்று பெயர். ஃபில் கட்ஸ் தன் பிகேஜிப் மென்பொருளுக்காக உருவாக்கியது. 1996 மே மாதம் ஆர்எஃப்சி 1951 என்ற ஆவணமாக வெளியானது. இதில் இரண்டு அடுக்கு வேலை நடக்கிறது. முதல் அடுக்கு, திரும்ப வரும் பகுதிகளைப் பிடிக்கிறது. பாட்டுப் புத்தகத்தில் பல்லவியை ஒருமுறை முழுதாக அச்சிட்டுவிட்டு, ஒவ்வொரு சரணத்தின் கடைசியிலும் அதன் முதல் சொல்லை மட்டும் அடைப்புக்குறிக்குள் போடுவார்கள் அல்லவா, அதே வேலைதான். "இத்தனை பைட் பின்னால் போ, அங்கிருந்து இத்தனை பைட் எடுத்துக்கொள்" என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதப்படும். அதிகபட்சம் 32,768 பைட் வரை பின்னால் போகலாம். ஆகவே ஓர் இடத்தில் ஓர் எழுத்தை மாற்றினால், அந்த இடத்தைக் காட்டும் பின்னால் வரும் குறிப்புகள் எல்லாம் மாறிய எழுத்தையே எடுத்துக்கொள்ளும்.

இரண்டாம் அடுக்கு ஹஃப்மன் குறியீடு. அடிக்கடி வருவதற்குக் குறைந்த பிட், அரிதாக வருவதற்கு அதிக பிட். ஓர் எழுத்தின் இடத்தில் வேறு எழுத்தை வைத்தால் பிட்களின் எண்ணிக்கை மாறி, அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் ஓரிரு பிட் நகர்ந்துவிடும். பைட் எல்லையே குலைந்துபோகும். இதையெல்லாம் மீறி மாற்றினாலும், கோப்பின் கடைசி 8 பைட்டில் விரித்த உரையின் சிஆர்சியும் நீளமும் எழுதியிருக்கின்றன. அவற்றோடு ஒத்துப்போகாவிட்டால் விரிக்கும் நிரல் பிழை என்று சொல்லும். அதனால்தான் விரி, திருத்து, சுருக்கு என்ற மூன்று படிகளுக்குக் குறுக்குவழி கிடையாது.

"அப்போ விம்ல மட்டும் எப்படி நேரா திறக்குது?"

விம் எடிட்டரும் அந்த மூன்று படிகளைத்தான் செய்கிறது, உங்கள் கண்ணில் படாமல். அதனோடு சேர்ந்தே வரும் ஜிஜிப் பிளகின், கோப்பின் பெயர் ஜிஇசட், பிஇசட்2, எக்ஸ்இசட் போன்ற எக்ஸ்டென்ஷனில் முடிகிறதா என்று பார்க்கும். முடிந்தால், உங்கள் கணினியில் இருக்கும் 'ஜிஜிப்', 'பிஜிப்2', 'எக்ஸ்இசட்' கட்டளைகளை அழைத்து விரித்துக் காட்டும். சேமிக்கும்போது வெறும் உரையை முதலில் வட்டில் எழுதி, பிறகு அதே கட்டளையால் சுருக்கும். இந்த வரிசையை நினைவில் வையுங்கள். எழுதுவதற்கும் சுருக்குவதற்கும் நடுவில் மின்சாரம் போனாலோ வட்டு நிறைந்தாலோ, உங்கள் கையில் மிஞ்சுவது சுருக்காத உரையாக இருக்கலாம்.

சுருக்குவதா வேண்டாமா என்பதை எழுதப்படும் பெயர்தான் முடிவு செய்கிறது. ஜிஇசட் கோப்பைத் திறந்து, 'குறிப்பு.டிஎக்ஸ்டி' போன்ற பெயரில் சேமித்தால் வெறும் உரையாகவே போகும். சாதாரணக் கோப்பைத் திறந்து ஜிஇசட் என்று முடியும் பெயரில் சேமித்தால் சுருக்கியே எழுதும்.

சர்வரில் விம் கிறுக்கலைக் காட்டுகிறது என்று சிலர் பதறுவார்கள். டெபியன், உபுண்டு சர்வர்கள் சிலவற்றில் 'விஐ' என்று அடித்தால் வருவது விம்-டைனி என்ற சின்னப் பதிப்பு. அதில் பிளகின்களை இயக்கும் திறனே கிடையாது. முழு விம் தொகுப்பை நிறுவினால் சரியாகிவிடும்.

"ஈமேக்ஸ், நானோ, விஎஸ் கோட்லாம்?"

ஈமேக்ஸில் தானாக விரித்துச் சுருக்கும் வசதி இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது. கேடிஇ-யின் கேட் எடிட்டரும் ஜிஜிப் கோப்பைத் திறந்து, சுருக்கியே சேமிக்கும். நானோவிலும், துணை நிரல் எதுவும் போடாத விஎஸ் கோடிலும் இது கிடையாது.

"எனக்குப் படிச்சா போதும். அதுக்கும் எடிட்டர் வேணுமா?"

வேண்டாம், எடிட்டரைத் தொடாமல் இருப்பதே நல்லது. 'இசட்லெஸ்' பக்கம் பக்கமாகக் காட்டும், 'இசட்கிரெப்' தேடித் தரும், 'இசட்டிஃப்' இரண்டு சுருக்கிய கோப்புகளை ஒப்பிடும். டெபியன் வகை லினக்ஸில் மேன் பக்கங்களும் சேஞ்ச்லாக்குகளும் ஜிஜிப்பில்தான் கிடக்கும். கெர்னல் தன் அமைப்பை 'ப்ராக்' ஃபோல்டரில் 'கான்ஃபிக்.ஜிஇசட்' என்ற பெயரில் காட்டும்படி கட்டப்பட்டிருந்தால் அதையும் இப்படிப் படிக்கலாம். அதில் எழுத முடியாது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே 'இசட்கேட்' பழைய இசட் எக்ஸ்டென்ஷனைத்தான் தேடும். ஜிஇசட் கோப்புக்கு 'ஜிஇசட்கேட்' என்று அடியுங்கள்.

"விண்டோஸ்ல ஜிப்புக்குள்ள இருந்த ஃபைலைத் திறந்து, மாத்தி, சேவ் பண்ணேன். மறுபடி திறந்தா பழசே இருக்கு. என் வேலையெல்லாம் எங்க போச்சு?"

பார்க்கவே வருத்தமாக இருக்கும் நிலைமை இது. மணிக்கணக்கில் உழைத்த பிறகுதான் பலருக்குத் தெரியவரும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் ஜிப்புக்குள் இருக்கும் கோப்பை இருமுறை கிளிக் செய்தால், அது டெம்ப் ஃபோல்டரில் ஒரு நகலை விரித்து அதைத்தான் திறக்கிறது. நீங்கள் சேமித்தது அந்த நகலில். ஜிப்புக்கு அது திரும்பிப் போவதில்லை. உடனே தேடினால் டெம்ப் ஃபோல்டருக்குள் அந்த நகல் இன்னும் இருக்க வாய்ப்புண்டு. கணினியை மறுதொடக்கம் செய்யும் முன், துப்புரவு மென்பொருள் எதையும் ஓட்டும் முன் தேடுங்கள்.

அடுத்த முறைக்கு செவன் ஜிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். அதன் கோப்பு மேலாளரில் ஜிப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் கோப்பைத் தேர்ந்து எஃப்4 விசையை அழுத்தினால் எடிட்டர் திறக்கும். திருத்திச் சேமித்து மூடியதும், "கோப்பு மாறியிருக்கிறது, ஜிப்பில் புதுப்பிக்கவா?" என்று கேட்கும். ஆம் என்று சொன்னால்தான் மாற்றம் உள்ளே போகும். அந்தக் கேள்வி வரும் வரை செவன் ஜிப் சாளரத்தை மூடாதீர்கள்.

"வெறும் ஜிஇசட்டுக்கும் தார் ஜிஇசட்டுக்கும் ஜிப்புக்கும் திருத்தறதுல வித்தியாசம் உண்டா?"

உண்டு, நல்ல வித்தியாசம். ஜிஜிப் ஒரே ஒரு கோப்பைச் சுருக்கும். தார் பல கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஒரே கோப்பாக்கும், சுருக்காது. அந்த ஒட்டிய கோப்பை ஜிஜிப்பால் சுருக்கினால் தார் ஜிஇசட். ஆகவே உள்ளே ஒரு சின்னக் கோப்பை மாற்றினாலும் மொத்தத்தையும் விரித்து, மொத்தத்தையும் சுருக்க வேண்டும். ஜிப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டு, கடைசியில் ஒரு அட்டவணை இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றவற்றைத் திரும்பச் சுருக்கத் தேவையில்லை, அப்படியே நகலெடுத்தால் போதும்.

விம்மில் தாருக்கும் ஜிப்புக்கும் தனித்தனிப் பிளகின்கள் இருக்கின்றன. கோப்பைத் திறந்தால் உள்ளடக்கப் பட்டியல் வரும். வேண்டியதன் மேல் எண்டர் தட்டினால் அது திறக்கும். ஈமேக்ஸிலும் பட்டியல் வரும். ஆனால் தார் விஷயத்தில் அங்கே இரண்டு முறை சேமிக்க வேண்டும். உள்ளே இருக்கும் கோப்பைச் சேமித்தால் அது நினைவகத்தில் உள்ள தார் பஃபருக்குத்தான் போகும். பட்டியல் பஃபரையும் சேமித்தால்தான் வட்டுக்குப் போகும். இரண்டாவதை மறந்துவிட்டு, "ஈமேக்ஸ் என் திருத்தத்தைத் தின்றுவிட்டது" என்று சொல்பவர்கள் நிறைய. ஜிப்பில் இந்தச் சிக்கல் இல்லை, முதல் சேமிப்பிலேயே கோப்புக்குள் போய்விடும்.

"டேட்டாபேஸ் பேக்கப் எஸ்க்யூஎல் ஜிஇசட்டா இருக்கு, 3 ஜிபி. உள்ள ஒரு யூசர் பேரை மாத்தணும். விம்ல திறந்தா மெஷினே நின்னுபோகுது."

3 ஜிபி என்பது சுருக்கிய அளவு. எஸ்க்யூஎல் உரை நன்றாகச் சுருங்கும் என்பதால், விரித்தால் பல மடங்கு ஆகும். விம் அத்தனையையும் உள்ளே இழுக்கப் பார்க்கிறது, பிளகினோ அதற்கு முன்பே தற்காலிக இடத்தில் ஒரு விரித்த நகலை எழுதுகிறது. இதற்கு எடிட்டர் தோதான கருவி இல்லை. ஓடும் தண்ணீரில் திருத்துவதுபோல் பைப்பில் வைத்துத் திருத்துங்கள்: 'இசட்கேட்' விரித்து, உரையில் தேடி மாற்றும் 'செட்' (sed) கட்டளைக்குக் கொடுக்கட்டும், 'செட்' பெயரை மாற்றி 'ஜிஜிப்'புக்குக் கொடுக்கட்டும், அது புதிய பெயரில் ஒரு கோப்பை எழுதட்டும். எந்த நேரத்திலும் ஒரு சிறு பகுதிதான் நினைவகத்தில் இருக்கும். மைஎஸ்க்யூஎல் டம்ப்பில் (பேக்கப் கோப்பில்) பெரும்பாலும் மாற்றவேண்டியிருப்பது வியூக்களிலும் டிரிகர்களிலும் வரும் 'டிஃபைனர்' பகுதி. முதலில் 'இசட்கிரெப்' போட்டு அது எந்தெந்த வரிகளில் வருகிறது என்று பார்த்துவிட்டு, அந்த வடிவத்தை மட்டும் பிடிக்கும்படி 'செட்' எழுதுங்கள். வெறும் பெயரை மட்டும் கொடுத்தால், தரவுக்குள் தற்செயலாக அதே சொல் இருக்கும் இடங்களும் மாறிவிடும். பல கோர் உள்ள மெஷினில் 'ஜிஜிப்'புக்குப் பதில் 'பிக்ஜி' (pigz) போட்டால் சுருக்கும் வேலை வேகமாக முடியும். ஜிஜிப்பை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஆட்லர் எழுதியதுதான் அது.

இந்த வழியில் ஒளிந்திருக்கும் ஆபத்து ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. மூலக் கோப்பு பாதியில் அறுந்திருந்தால் 'இசட்கேட்' பிழை சொல்லி நின்றுவிடும். ஆனால் கடைசியில் இருக்கும் 'ஜிஜிப்' அதுவரை வந்ததை ஒழுங்காகச் சுருக்கி, சரியான சிஆர்சியோடு முடித்துவிடும். புதிய கோப்பைச் சோதித்தால் எல்லாம் சரி என்றே வரும், உள்ளே பாதித் தரவு இருக்காது. ஆகவே மூலத்தை முதலில் சோதியுங்கள். பாஷ் ஷெல்லில் 'பைப்ஃபெயில்' அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்போது நடுவில் யார் தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று தெரியும்.

வேர்ட்பிரஸ் தளத்தின் டம்ப்பில் முகவரியை மாற்ற நினைப்பவர்கள் இதைச் செய்யவேண்டாம். வேர்ட்பிரஸ் சில அமைப்புகளை பிஎச்பி சீரியலைஸ் வடிவத்தில், ஒவ்வொரு சரத்துக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதி வைக்கிறது. முகவரியின் நீளம் மாறி, அந்த எண் மாறாவிட்டால் அந்த அமைப்பு படிக்கப்படாமல் போகும். டம்ப்பை ஏற்றிய பிறகு 'டபிள்யூபி-சிஎல்ஐ'யின் தேடி மாற்றும் கட்டளையைப் பயன்படுத்துங்கள், அது நீளத்தையும் சேர்த்துத் திருத்தும்.

"அதே மாதிரி பைப் போட்டேன், ஆனா புதுப் பேர் எதுக்குன்னு பழைய பேர்லயே எழுதச் சொன்னேன். ஃபைல் காலியாயிடுச்சு!"

வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பும் குறியை ஷெல் பார்த்ததும், கட்டளைகளை ஓட்டும் முன்பே அந்தக் கோப்பைத் திறந்து வெறுமையாக்கிவிடும். 'இசட்கேட்' படிக்க வரும்போது அங்கே ஒன்றும் இருக்காது. எப்போதும் புதிய பெயரில் எழுதி, சோதித்து, அதன் பிறகு பெயர் மாற்றுங்கள். பழைய கோப்பை அன்றைக்கே அழிக்கவும் வேண்டாம்.

"கடைசியில ஒரே ஒரு வரி சேர்க்கணும். அதுக்கும் முழுசா விரிக்கணுமா?"

இதற்கு மட்டும் விரிக்க வேண்டியதில்லை. ஜிஜிப் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால் அதுவும் முறையான ஜிஜிப் கோப்பு என்று அதன் வரையறையே சொல்கிறது. புதிய வரியை மட்டும் தனியாகச் சுருக்கி, பழைய கோப்பின் கடைசியில் சேர்க்கும் குறியால் ஒட்டிவிடலாம். விரிக்கும்போது இரண்டும் சேர்ந்தே வரும். பிஜிப்2, எக்ஸ்இசட், இசட்எஸ்டிடி மூன்றுக்கும் இது பொருந்தும். ஒரே கவனம்: சொந்தமாக எழுதிய சில நிரல்கள் முதல் துண்டோடு நிறுத்திவிடுகின்றன. கோப்பைப் படிக்கப்போவது எந்த நிரல் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

"தமிழ் விக்கிப்பீடியா டம்ப்பை எறக்கி எடிட்டர்ல திறக்கலாமா?"

திறக்கவேண்டாம். எக்ஸ்எம்எல்லை பிஜிப்2-ஆல் சுருக்கித் தருகிறார்கள். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். அதில் முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. மூன்றில் இரண்டு பங்கு ஏறக்குறைய மாறாமல் இருப்பதால் தமிழ் உரை நன்றாகச் சுருங்கும், விரித்தால் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக நிற்கும்.

சில கட்டுரைகள் மட்டும் வேண்டுமென்றால் 'மல்டிஸ்ட்ரீம்' பதிப்பை எடுங்கள். முந்தைய பதிலில் சொன்ன ஒட்டும் தன்மையைத்தான் அதில் பயன்படுத்தியிருக்கிறார்கள். 100 பக்கங்களுக்கு ஒரு துண்டு என்று தனித்தனியாகச் சுருக்கி ஒட்டி, எந்தக் கட்டுரை எந்த இடத்தில் தொடங்கும் துண்டில் இருக்கிறது என்று ஒரு அட்டவணையும் தருகிறார்கள். வேண்டிய துண்டை மட்டும் வெட்டி விரிக்கலாம். அருமையான ஏற்பாடு.

"விரிச்சா எவ்வளவு ஆகும்னு முன்னாடியே பார்க்க முடியுமா?"

'ஜிஜிப்'புக்கு 'மைனஸ் எல்' கொடுத்தால் காட்டும். கோப்பின் கடைசி 4 பைட்டில் நீளம் எழுதப்படுவதால், 4 ஜிபியைத் தாண்டிய உரைக்குப் பழைய பதிப்புகள் தவறான, மிகச் சிறிய எண்ணைக் காட்டும். ஜிஜிப் 1.12 முதல் சரியாகக் காட்டுகிறது.

"ஃபைல் பேர்ல ஜிஇசட்னு தெளிவா இருக்கு, ஆனா 'நாட் இன் ஜிஜிப் ஃபார்மேட்'னு சொல்லுது. எப்படி?"

பெயரில் இருப்பது வெறும் பெயர்தான். 'ஃபைல்' கட்டளையிடம் கேட்டுப் பாருங்கள், அது உள்ளே உள்ள பைட்களைப் பார்த்துச் சொல்லும். பெரும்பாலும் அது சுருக்காத உரையாகவே இருக்கும். இணையத்திலிருந்து இறக்கும்போது, சர்வர் "இது வழியில் சுருக்கி அனுப்பப்பட்டது" என்று தவறாக அறிவித்திருந்தால், பிரௌசர் அதை விரித்து, பெயரை மட்டும் ஜிஇசட் என்று வைத்துச் சேமித்துவிடும். விம் பாதியில் நின்றாலும் இப்படி ஆகலாம் என்று மேலே சொன்னேன்.

இப்படிப்பட்ட கோப்பை விம்மில் திறந்தால், விரிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளதை அப்படியே காட்டும். சேமிக்கும்போதும் சுருக்காமல் விடும், அதைச் சொல்லவும் செய்யும். நல்ல எச்சரிக்கை அது. அந்தச் செய்தி வந்தால் படிக்காமல் எண்டர் தட்டிவிடாதீர்கள்.

"எனக்கு நேர்மாறு. க்னூகேஷ் கணக்கு ஃபைலை விம்ல திறந்தா கிறுக்கல். ஆனா 'ஃபைல்' போட்டா ஜிஜிப்னு வருது."

க்னூகேஷ் தன் எக்ஸ்எம்எல் கோப்பை இயல்பாக ஜிஜிப்பில் சுருக்கித்தான் சேமிக்கிறது, பெயரில் ஜிஇசட் என்று போடுவதில்லை. க்னூமெரிக் விரிதாளும், ஏபிள்டன் லைவ் இசைக் கோப்பும் இதே ரகம். விம் பெயரைப் பார்த்தே முடிவு செய்வதால் இவற்றை அடையாளம் காணாது. ஒரு நகலுக்கு ஜிஇசட் என்று பெயர் வைத்துத் திறந்து, திருத்தி, பழைய பெயருக்கு மாற்றினால் போதும். கணக்குப் புத்தகம் என்பதால் க்னூகேஷை மூடிவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் அது தன் நினைவில் உள்ளதை உங்கள் திருத்தத்தின் மேல் எழுதிவிடும். க்னூகேஷின் விருப்பத் தேர்வுகளில் சுருக்குவதையே நிறுத்தி வைக்கவும் வழி உண்டு.

"வேர்ட் ஃபைலும் ஜிப்தானாமே? அப்போ டாக்எக்ஸையும் ஈபப்பையும் இப்படித் திருத்தலாமா சார்?"

இரண்டும் ஜிப்தான், விம்மின் ஜிப் பிளகின் இரண்டையும் திறக்கும். டாக்எக்ஸில் 'வேர்ட்' என்ற ஃபோல்டருக்குள் 'டாக்குமென்ட்.எக்ஸ்எம்எல்' என்ற கோப்பில் உங்கள் உரை இருக்கும், பெரும்பாலும் ஒரே நீண்ட வரியாக. "வணக்கம்" என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். திருத்தங்களின் தடத்தையும் எழுத்துப்பிழைக் குறிகளையும் வைப்பதற்காக வேர்ட் ஒரே சொல்லையே துண்டு துண்டாகப் பிரித்து, நடுவில் எக்ஸ்எம்எல் குறிகளைப் போட்டிருக்கும். நூறு ஆவணங்களில் ஒரே முகவரியை மாற்றுவது போன்ற வேலை என்றால் இந்த வழியில் பலன் உண்டு. ஒரே ஆவணம் என்றால் லிப்ரே ஆபீஸில் திறந்து திருத்துவதுதான் என் பரிந்துரை.

ஈபப்பில் ஒரு விதி இருக்கிறது. 'மைம்டைப்' என்ற 20 பைட் கோப்பு ஜிப்புக்குள் முதலாவதாக, சுருக்கப்படாமல் இருக்கவேண்டும். அப்போதுதான் அதன் உள்ளடக்கம் கோப்பின் தொடக்கத்திலிருந்து 38 பைட் தள்ளி அப்படியே படிக்கக் கிடைக்கும். எல்லாவற்றையும் ஃபோல்டராக விரித்து, திருத்தி, ஃபோல்டரை மொத்தமாக ஜிப் செய்தால் இந்த வரிசை கலைந்துபோகும். பல ரீடர்கள் பொறுத்துக்கொள்ளும், பதிப்பகங்களின் சரிபார்ப்பு பொறுக்காது. விரிக்காமல், உள்ளிருக்கும் அத்தியாயக் கோப்பை மட்டும் மாற்றுவது பாதுகாப்பானது. ஓடிஎஃப் ஆவணங்களும் இதே ஏற்பாட்டில்தான் இருக்கின்றன.

ஆண்ட்ராய்டின் ஏபிகே-யையும் கையொப்பமிட்ட ஜார் கோப்பையும் இப்படித் தொடவேண்டாம். உள்ளே ஒரு பைட் மாறினாலும் கையொப்பம் செல்லாது.

"எதையும் மாத்தல. திறந்தேன், சேவ் பண்ணேன், மூடினேன். ஆனா செக்சம் மாறிப்போச்சு. எப்படி?"

செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை எடுத்தது சுருக்கிய பைட்களுக்கு. ஜிஜிப் தலைப்பில் நேரமும் மூலப் பெயரும் பதிவாகும். திரும்பச் சுருக்கும்போது நேரம் மாறியிருக்கும். முன்னே 9-ஆம் நிலையில் சுருக்கியிருந்து, இப்போது எடிட்டர் இயல்பான 6-ஆம் நிலையில் சுருக்கினால் மற்ற பைட்களும் மாறும். உரை மாறவில்லை என்று காட்ட, இரண்டையும் விரித்து உரைக்குச் செக்சம் எடுங்கள், அல்லது 'இசட்டிஃப்' போடுங்கள்.

பெயரும் நேரமும் பதியவேண்டாம் என்றால் சுருக்கும்போது 'மைனஸ் என்' கொடுக்கவேண்டும். டெபியன் தன் தொகுப்புகளில் இப்படித்தான் செய்கிறது.

"உள்ள பாஸ்வேர்டெல்லாம் இருக்கு. திருத்தி மூடின பிறகு எங்கயாவது தடயம் இருக்குமா?"

இருக்கும். சுருக்குவது பூட்டுவது ஆகாது என்பதோடு, விரித்த உரை பல இடங்களில் தங்கும். விம்மின் ஸ்வாப் கோப்பில் சுருக்காத உரை இருக்கும். நீங்கள் வெட்டி ஒட்டியவை 'விம்இன்ஃபோ'வில் பதியும். நிலையான அன்டூ வசதியை இயக்கியிருந்தால் பழைய வரிகள் அதிலும் இருக்கும். ஈமேக்ஸின் ஆட்டோசேவ் கோப்பும் அப்படியே. விண்டோஸில் டெம்ப் ஃபோல்டர் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன். விம்மை ஸ்வாப் இல்லாமல் திறக்க 'மைனஸ் என்' தெரிவு உண்டு. ஆனால் பாஸ்வேர்டுகளை ஜிஜிப்பில் வைப்பதையே நிறுத்திவிட்டு, ஜிபிஜி-யால் குறியாக்கம் செய்து வையுங்கள். ஈமேக்ஸ் அந்தக் கோப்புகளையும் நேராகத் திறக்கும்.

"யாரோ அனுப்பின ஜிப்பை விம்லயே திறந்து பார்த்துட்டா வைரஸ் பயம் இல்லதானே?"

அப்படி நம்பிவிடாதீர்கள். 2025-இல் விம்மின் தார், ஜிப் பிளகின்கள் இரண்டிலும் பாதுகாப்புக் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டன. தந்திரமாகப் பெயரிட்ட கோப்பை உள்ளே வைத்து, வேறு ஃபோல்டரில் இருக்கும் கோப்பின் மேல் எழுதவைக்கும் வகைக் குறையும் அவற்றில் ஒன்று. விம்மைப் புதுப்பித்து வைத்திருங்கள்.

இன்னொன்று அளவு. டிஃப்ளேட் ஏறக்குறைய 1000 மடங்குக்கு மேல் சுருக்கக்கூடியது. '42.ஜிப்' என்ற பெயர்பெற்ற கோப்பு 42 கேபிதான், ஜிப்புக்குள் ஜிப்பாக அடுக்கியிருப்பதையெல்லாம் விரித்துக்கொண்டே போனால் 4.5 பெடாபைட் ஆகும். அறிமுகமில்லாத கோப்பை முதலில் பட்டியலிட்டு, விரித்தால் என்ன அளவு என்று பாருங்கள்.

"பழைய லாக் எல்லாம் ஜிஇசட்டா சுழற்றி வச்சிருக்கு. தேவையில்லாத வரிகளை எடுத்துடலாமா?"

வேண்டாம். லாக் என்பது சாட்சி. தனிநபர் விவரங்களை நீக்கி ஒருவருக்கு அனுப்பவேண்டுமென்றால், நகலெடுத்து அதில் நீக்குங்கள்.

"வெப்சைட்ல சிஎஸ்எஸ் ஜிஇசட்டை விம்ல திருத்திட்டேன். எனக்கு மாறிடுச்சு, சிலருக்குப் பழசே தெரியுது."

என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் 'ஜிஜிப் ஸ்டாடிக்' இயக்கத்தில் இருந்தால், ஜிஜிப் ஏற்கும் பிரௌசருக்கு ஜிஇசட் கோப்பும், ஏற்காதவருக்குப் பக்கத்தில் இருக்கும் மூல சிஎஸ்எஸ்ஸும் போகும். நீங்கள் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். மூலத்தைத் திருத்தி, அதிலிருந்து ஜிஇசட்டை மறுபடி உருவாக்குங்கள். இரண்டுக்கும் மாற்றிய நேரம் ஒன்றாக இருப்பது நல்லது என்று என்ஜின்எக்ஸ் ஆவணமே பரிந்துரைக்கிறது.

"இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ள ஒரு கான்ஃபிக் வரியை மாத்தணும். 'இசட்கேட்' போட்டா ஜிஜிப் இல்லங்குது, 'ஃபைல்' போட்டா சிபிஐஓங்குது. விம்ல என்ன பண்றது?"

விம்மில் ஒன்றும் செய்யவேண்டாம். இனிட்ராம்எஃப்எஸ் என்பது கணினி எழும்போது கெர்னல் முதலில் பயன்படுத்தும் கோப்புகளின் தொகுப்பு. அந்தப் படத்தின் (இமேஜ் கோப்பின்) தொடக்கத்தில் பல கணினிகளில் ப்ராசசருக்கான மைக்ரோகோட், சுருக்காத சிபிஐஓ (தார் போல் கோப்புகளை ஒட்டும் வடிவம்) தொகுப்பாக இருக்கும். அதற்குப் பின்னால்தான் சுருக்கிய முதன்மைத் தொகுப்பு ஒட்டப்பட்டிருக்கும். 'ஃபைல்' கட்டளை முதல் துண்டை மட்டும் பார்த்துச் சொன்னது, 'இசட்கேட்'டும் அதிலேயே முட்டி நின்றது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க டெபியன், உபுண்டுவில் 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்', ஃபெடோராவில் 'எல்எஸ்இனிட்ஆர்டி'. மாற்றவேண்டிய வரி எந்த மூலக் கோப்பிலிருந்து உள்ளே போகிறதோ அதைச் சாதாரணமாக எடிட்டரில் திருத்திவிட்டு, டெபியன் வகையில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்', ஃபெடோராவில் 'டிராகட்' ஓட்டிப் படத்தைப் புதிதாகக் கட்டுங்கள். மறுதொடக்கம் செய்யும் முன், பழைய கெர்னலும் அதன் படமும் பூட் மெனுவில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதியது எழாவிட்டால் அதிலிருந்து உள்ளே வரலாம்.